தடம் விடாத வீடுகள்

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில், நமீபிய எல்லையாக ஆரஞ்சு ஆறு ஓடுமிடத்தில், ரிக்டர்ஸ்வெல்ட் என்னும் மலைப்பாலை கிடக்கிறது. அங்குள்ள கூபூஸ் என்ற சிற்றூர் நாமா மக்களுடையது. ஆடு மேய்ப்பவர்கள் அவர்கள். மேய்ச்சல் தீரத் தீர, பருவம் பார்த்து இடம்பெயர்பவர்கள்.

அவர்களின் வீட்டுக்கு ஹாரு ஓம்ஸ் என்று பெயர். வளைத்து நட்ட கழிகளின் மேல் கோரைப்பாய் போர்த்திய கவிகை வடிவக் குடில். பாய்களைப் பின்னுவோர் பெண்கள். வெயிலில் இழைகளிடையே காற்று நுழையும். மழையில் கோரை நனைந்து ஊதி, இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். கிளம்பும் நாளில் கழற்றிச் சுருட்டிவிடலாம். பின்னால் ஏதும் மிஞ்சுவதில்லை.

அடையாளம் விட்டுச் செல்லாதவர்களுக்கு அந்த மண் சொந்தமா? வரலாறு இக்கேள்வியைக் கொடூரமாகவே கேட்டது. 1847இல் பிரிட்டிஷ் அரசு அந்நிலத்தைக் கேப் காலனியுடன் இணைத்துக்கொண்டது. 1920களில் கடலோரத்தில் வைரம் கிடைத்தது. அதன்பின் மேய்ச்சல் நிலம் வேலிக்குள் போயிற்று. மேய்த்தவர்கள் வெளியே நின்றார்கள்.

நிறவெறி ஆட்சி முடிந்த பின்னர் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். முதலில் விசாரித்த நிலவுரிமை நீதிமன்றம் 2001இல் கோரிக்கையைத் தள்ளியது. மேல்முறையீட்டில் நிலை மாறியது. 2003 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் இறுதித் தீர்ப்பை வழங்கியது: நாமாக்களின் மரபுச் சட்டப்படி அந்நிலம் சமூகத்தின் உடைமை, மண்ணுக்கடியில் உள்ள கனிமங்களும் அவ்வாறே, 1847இன் இணைப்பு அவ்வுரிமையை அழிக்கவில்லை.

சான்றாக நின்றது பட்டாவன்று, பழக்கம். வெளியார் அங்கு மேய்க்க வேண்டுமானால் சமூகத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அனுமதி தரும் அதிகாரம் உடையவரே உடைமையாளர் அல்லவா? மரபுச் சட்டத்தை ஐரோப்பியச் சட்டத்தின் கண்ணாடி வழியே பார்க்கலாகாது என்றும் நீதிமன்றம் சொன்னது.

2007இல் அரசுடன் உடன்பாடு ஏற்பட்டது. அதே ஆண்டில் யுனெஸ்கோ ரிக்டர்ஸ்வெல்டின் ஒரு பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. சமூகமே பேணும் அந்நிலத்தின் பரப்பு 1,60,000 ஹெக்டேர். ஆயினும் வைர வருவாயைப் பங்கிடுவதில் பூசல்கள் எழுந்தன. வென்றெடுத்த உரிமை தானாகவே வாழ்வாகிவிடுவதில்லை.

சுவர் எழுப்பியவனையே உரிமையாளன் என்று எண்ணப் பழகிவிட்டோம் நாம். சுருட்டி எடுத்துச் செல்லும் பாயும் ஓர் உரிமை ஆவணமாக இருக்கக்கூடும் என்பதைக் கூபூஸ் நமக்குச் சொல்கிறது.