மாட்டுக்கு ஒரு சர்க்கரை உருண்டை

மடிநோய் வந்த மாட்டுக்கு ஹோமியோபதி கொடுக்கறாங்கன்னு சொன்னா நம்மில் பாதிப்பேர் சிரிப்போம். மீதிப்பேர் "எங்க சித்தப்பாவுக்கு ஆஸ்துமாவே போச்சு, தெரியுமா?" என்று சண்டைக்கு வருவோம். ரெண்டு தரப்புக்கும் ஒரு தகவல்: ஐரோப்பிய இயற்கைப் பண்ணைகளில் இது சட்டத்திலேயே எழுதி வெச்ச விஷயம். அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

'ஒத்ததை ஒத்தது தீர்க்கும்' என்ற கொள்கையை ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் ஹானிமன் 1796-ல் வெளியிட்டார். அதைத் தொழுவத்துக்குக் கொண்டுபோனதில் முக்கியமானவர் வில்ஹெல்ம் லுக்ஸ், லைப்சிக் நகரத்துக் கால்நடை மருத்துவர். அடைப்பான் நோய்க்கு என்ன கொடுக்கலாம் என்ற கேள்வி வந்தபோது, நோய் கண்ட மாட்டின் ரத்தத்தையே எடுத்து, நூறில் ஒரு பங்காக 30 முறை கரைத்துக் கொடுக்கலாம் என்றார். 1833-ல் இந்த யோசனையைப் புத்தகமாகவும் போட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் நூறில் ஒரு பங்கு. 12 தடவை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பு குறைவு. 30 தடவைன்னா 1-க்குப் பின்னால் 60 சைபர்! கடைசியில் பாட்டிலில் இருப்பது வெறும் தண்ணிதான்.

அப்புறம் ஏன் ஜனங்க நம்பினாங்க? அந்தக் காலத்து மாட்டு வைத்தியத்தைப் பார்த்தால் புரியும். ரத்தத்தை வடிய விடுவாங்க, பேதிக்குக் கொடுப்பாங்க, பழுக்கக் காய்ச்சின இரும்பால சூடு போடுவாங்க. சும்மா விட்டிருந்தால் பிழைச்சிருக்கும் மாடு வைத்தியத்தால செத்திருக்கும். அந்த நிலைமையில் தண்ணி ஜெயிச்சதில் ஆச்சரியம் என்ன?

நோயை உண்டாக்கும் பொருளாலேயே நோயைத் தடுப்பது என்ற யோசனை வேறு வழியிலும் போச்சு. 1881-ல் பிரான்சில் லூயி பாஸ்டர், வீரியம் குறைச்ச அடைப்பான் கிருமியை ஆடுகளுக்கு ஊசி மூலம் செலுத்தி, ஊர் முன்னாடி சோதனை செய்து காட்டினார். ஊசி போடாத 24 ஆடுகளும் செத்தன, போட்டவை நின்றன. பாஸ்டர் ஊசியில் கிருமி இருந்தது. லுக்ஸ் பாட்டிலில் ஒண்ணுமில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இயற்கை வேளாண்மைக்குள் இந்தச் சிந்தனை வர ஒரு வாசல் ருடால்ஃப் ஸ்டைனர். 1924-ல் அவர் ஆற்றிய வேளாண் சொற்பொழிவுகளிலிருந்து வளர்ந்த முறையில், கொம்பில் அடைத்துப் புதைத்த சாணத்தைத் துளியூண்டு எடுத்து, ஒரு மணி நேரம் தண்ணீரில் கலக்கித் தெளிப்பார்கள். கிட்டத்தட்ட அதே மனப்பாங்கு.

1999-ல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்கைக் கால்நடை வளர்ப்புக்கு விதி எழுதியபோது, ஆன்டிபயாடிக் முதலான ரசாயன மருந்துகளுக்கு முன்னால் மூலிகையும் ஹோமியோபதியும் வேண்டும் என்றது. கூடவே ஒரு நிபந்தனை: அந்த விலங்குக்கும் அந்த நோய்க்கும் அது பலன் தருவதாக இருக்கணும். 2022 முதல் நடைமுறையில் உள்ள புதிய விதியிலும் ரெண்டுமே அப்படியே இருக்கு.

அந்தப் பலன் இருக்கா? நார்வேயில் மடிநோய் வந்த 57 பசுக்களைப் பிரித்து ஹோமியோபதி, வெற்று மருந்து, ஆன்டிபயாடிக் கொடுத்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். ஹோமியோபதி வெற்று மருந்தைவிட மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2016-ல் ஓர் ஆய்வு 52 சோதனைகளைத் தொகுத்தது. 28 சாதகம், 22-ல் பலன் இல்லை. ஆனால் எந்தச் சோதனையும் அதே மாதிரி சூழலில் மறுபடி செய்து பார்க்கப்படவில்லை.

"மாட்டுக்கு நம்பிக்கை ஏது? அதுக்கே குணமாகுதே!" என்பார்கள். லேசான மடிநோய் பல நேரம் தானாகவே ஆறும். தேறிடுச்சான்னு பார்த்துச் சொல்வது மாடில்லை, மாட்டுக்காரர். நம்பிக்கை அவருக்கு இருக்கே!

விதியின் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். கண்டபடி ஆன்டிபயாடிக் கொடுத்து, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிட்ட உலகம் இது. மேய்ச்சல், காற்றோட்டம், சுத்தமான படுக்கை என்று அதே விதி கேட்பதெல்லாம் நிஜமாகவே நோயைக் குறைப்பவை. பேர் மட்டும் சர்க்கரை உருண்டைக்குப் போகுது.

பிரச்சினை காசில்தான். ரசாயன மருந்து கொடுத்தால் பாலை விற்காமல் வைக்கும் நாட்கள் ரெட்டிப்பு. வருஷத்தில் 3 சிகிச்சையைத் தாண்டினால் 'இயற்கை' முத்திரையே போகும். மாடு துன்பப்படாமல் இருக்க உடனே சிகிச்சை தரணும், தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் கொடுக்கலாம் என்றும் விதி சொல்லுது, உண்மைதான். ஆனாலும் "இன்னும் ஒரு நாள் உருண்டை கொடுத்துப் பார்ப்போமே" என்று தோணாதா?

இந்தியாவின் தேசிய இயற்கை உற்பத்தித் தரவிதிகளும் ஹோமியோபதியை வலியுறுத்துகின்றன. அதனால் இது தூரத்துக் கதைன்னு விட முடியாது. 1833-ல் ஒண்ணும் செய்யாமல் இருந்தது மாட்டுக்கு லாபம். கேட்கும் மருந்து கையில் இருக்கும் காலத்தில், அந்த இன்னும் ஒரு நாளின் வலியை மாடுதான் தாங்கணும்.