இளஞ்சிவப்புச் சதுரங்கள்

தெளிவு, எளிமை, நடுநிலை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுவிட்சர்லாந்திலிருந்து பரவிய நவீனத்துவ வரைகலை இம்மூன்றையும் அழகியல் விதிகளாக மட்டுமல்ல, அறமாகவே முன்வைத்தது. பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். அலங்காரத்தை நீக்க வேண்டும். 1957இல் வெளிவந்த ஹெல்வெட்டிகா போன்ற எழுத்துருவைப் பயன்படுத்த வேண்டும். வடிவமைத்தவரின் கை எங்கும் தெரியக் கூடாது. யாருடையதும் அல்ல என்று சொல்லப்பட்ட இந்தக் குரல், விரைவிலேயே பெருநிறுவனங்களின் குரலாயிற்று.

அந்த நடுநிலை யாருடையது என்று கேட்டவர்களில் ஒருவர் ஷீலா லெவ்ரான்ட் டி பிரெட்வில். 1971இல் கலிஃபோர்னியா கலைக் கழகத்தில் பெண்களுக்கான முதல் வடிவமைப்புப் பாடத்திட்டத்தைத் தொடங்கினார். 1973இல் ஜூடி சிகாகோ, ஆர்லீன் ரேவன் ஆகியோருடன் சேர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸில் 'பெண்கள் கட்டடம்' என்ற கலை மையத்தை நிறுவினார். எல்லாவற்றையும் எளிமைப்படுத்தும் வெகுசன ஊடகம் ஆணை இப்படி, பெண்ணை இப்படி என்று அச்சில் வார்த்துவிடுகிறது என்பது அவர் வாதம். வாசகர் தானே நிறைவு செய்துகொள்ளப் பக்கத்தில் இடம் விட வேண்டும் என்றார். துண்டு துண்டாக நடக்கும் வீட்டு வேலையின் தாளத்தையும், துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வையையும் வடிவமைப்புக்கான முன்மாதிரிகளாகக் கண்டார்.

அதே 1973இல், வண்ணத்தைப் பற்றிய ஒரு கண்காட்சிக்கு அவர் செய்த சுவரொட்டியின் பெயர் 'பிங்க்'. இளஞ்சிவப்பு உங்களுக்கு என்ன என்று பல பெண்களிடம் கேட்டார். அவர்கள் சிறு சதுரத் தாள்களில் தந்த பதில்கள் ஒட்டுப்போர்வை போல ஒன்றுசேர்ந்தன. அச்சிட்ட சுவரொட்டிகள் நகரெங்கும் பரவின. ஒரே மையம் இல்லை. ஒரே முடிவும் இல்லை. நவீனத்துவம் அழிக்கச் சொன்ன கைகள் அங்கே சதுரத்துக்கு ஒன்றாக வந்து நின்றன.

1990இல், தாம் படித்த யேல் பல்கலைக்கழகத்தின் கலைப் பள்ளியில் நிரந்தரப் பணி பெற்ற முதல் பெண் ஆனார் ஷீலா. வரைகலைத் துறையின் பொறுப்பும் அவரிடம் வந்தது. ஐபிஎம் இலச்சினையை வடிவமைத்த பால் ராண்ட் அங்கு நீண்டகாலம் கற்பித்தவர். புதிய போக்கை எதிர்த்து அவர் பதவி விலகினார். 1992இல் புதிய வடிவமைப்பைக் குழப்பம், ஒழுங்கின்மை என்று சாடி ஒரு கட்டுரையும் எழுதினார்.

பின்நவீனத்துவ வரைகலை என்றதும் உடைந்த கட்டங்களும், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய எழுத்துகளும், 1984இல் வந்த மாக்கின்டாஷ் கணினியும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. வெறும் பாணியாகச் சுருக்கினால் அந்த மாற்றத்தின் அரசியல் காணாமல் போகும். கட்டம் சலித்துப்போனதால் மட்டும் அது உடைக்கப்படவில்லை. அதற்குள் தங்களுக்கு இடமில்லை என்று கண்ட பெண்களும் அதை உடைத்தார்கள். ராண்டுக்குக் குழப்பமாகத் தெரிந்ததில், அதுவரை பேச விடப்படாத பலர் ஒரே நேரத்தில் பேசும் சத்தமும் இருந்தது.