பிசாசு முட்டையும் பாகூர்க் கூட்டாஞ்சோறும்



படிக்கிற பிள்ளைகளுக்குச் சோறு போடுவது நம்ம பகுதிக்குப் புதிது இல்லை. பாகூரில் 9-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கல்லூரி நடந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில் அந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செய்தி பாகூர்ச் செப்பேட்டில் இருக்கிறது. பிற்காலத்தில், 1930-இல், புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவைத் தொடங்கியது. இந்தப் பெரிய வரலாற்றின் ஓரத்தில் ஒரு சின்ன வரலாற்றைச் சொல்கிறேன். அதன் நாயகன் முட்டை.

இறுதியாண்டில் எங்கள் வகுப்பில் கூட்டாஞ்சோறு போட முடிவானது. ஆளுக்கு ஒரு பண்டம். பிரியாணி, கேக், பன்னீர் என்று ஆளாளுக்குப் பெயர் கொடுத்தார்கள். பாகூர்ப் பக்கத்து நண்பன் ஒருவன் மட்டும், "அன்னிக்கு நான் லீவுடா" என்றான். அவன் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். காரணம் எங்களுக்குப் புரிய ஒரு நாள் ஆயிற்று. "முட்டை கொண்டா, போதும்" என்றோம். மறுநாள் தூக்குச் சட்டி நிறைய வந்தது: பாதியாக வெட்டிய முட்டைகள், உள்ளே மிளகாய்த்தூளும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிசைந்த மஞ்சள் கரு. முதலில் காலியானது அந்தச் சட்டிதான்.

அவன் அம்மாவுக்குத் தெரியாமலே அது உலகப் புகழ் பெற்ற பண்டம்! 13-ஆம் நூற்றாண்டு ஆந்தலூசியச் சமையல் ஏட்டில், மஞ்சள் கருவை எடுத்து, கொத்தமல்லியும் மிளகும் வெங்காயச் சாறும் சேர்த்துப் பிசைந்து திரும்ப அடைக்கும் முறை இருக்கிறது. காரமான பண்டத்தைப் பிசாசோடு சேர்த்து 'டெவில்டு' என்று சொல்லும் வழக்கம் இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டில் வந்தது. இலங்கையில் காரமாகப் பிரட்டிய கறியை இன்றும் 'டெவில்' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். அமெரிக்காவில் சர்ச் விருந்துக்குப் பிசாசு ஆகாது என்று சிலர் 'அடைத்த முட்டை' என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மஞ்சள் கருவை உதிர்த்து மேலே தூவி 'மிமோசா முட்டை' என்றார்கள். மிமோசா என்றால் நம்ம கருவேலம்பூ மாதிரி மஞ்சளாக, உருண்டையாக இருக்கும் பூ.

ஆனால் முட்டை எப்போதும் ஏழைப் பண்டமாக இருந்ததில்லை. நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டை இட்டால் அதிகம். அதிலும் பாதி அடை வைக்கப் போய்விடும். மிச்சம் இருப்பது நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும். வெள்ளை லெகார்ன் இனம் பரவி, ஒரு கோழி வருஷத்துக்கு 300 முட்டை அளவுக்கு இட ஆரம்பித்த பிறகுதான் கணக்கு மாறியது. நாமக்கல் பண்ணைகள் வளர்ந்தன. 1982-இல் பி.வி. ராவ் முயற்சியில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாகி, பண்ணைக்காரர்களுக்கு விலையில் ஒரு பிடிப்புக் கிடைத்தது. பக்கத்துத் தமிழ்நாட்டில் 1989-இல் இரு வாரத்துக்கு ஒன்று என்று சத்துணவில் சேர்ந்த முட்டை, 2010-இல் வாரம் ஐந்து ஆனது. எங்கள் நண்பன் தலை நிமிர்ந்து தூக்குச் சட்டியைத் திறந்ததற்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கிறது.

இனி ஒரு இன்ஜினியரின் செய்முறை. 10 முட்டை வாங்கினால் 20 துண்டு. நாலைந்து நாள் ஆன முட்டைதான் ஓடு சுலபமாக உரியும். பத்து, பன்னிரண்டு நிமிஷம் கொதிக்கவிட்டு உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். உரித்து, நீளவாக்கில் வெட்டுங்கள். மயோனைஸ் வேண்டாம், துணியில் கட்டி வடித்த தயிர் போதும். கடுகுத்தூள், மிளகு, உப்பு சேர்த்து மஞ்சள் கருவைப் பிசையுங்கள். அதில் ஒரு பங்கில் கொத்தமல்லி, புதினாச் சட்னி சேர்த்தால் பச்சை. இன்னொரு பங்கில் மிளகாய்த்தூள் சேர்த்தால் செம்மஞ்சள். வெள்ளைக் கருவை பீட்ரூட் வேகவைத்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்தால் ரோஜா நிறம். சாயப்பொடியே தேவையில்லை. காலி பால் கவரைக் கழுவி, மூலையை வெட்டி, பிசைந்ததை அதில் போட்டுப் பிழியலாம். தாம்பாளத்தில் பொரியைப் பரப்பி அடுக்கினால் ஒன்றும் உருளாது. நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். முட்டை சாப்பிடாத நண்பர்களுக்குத் தனித் தட்டு, தனிக் கரண்டி.

இதையெல்லாம் ஏன் இந்த மலரில் எழுதுகிறேன்? சந்திப்பு என்றாலே இப்போது ஒரு ஹால், ஒரு கேட்டரிங், தலைக்கு இவ்வளவு என்று ஆகிவிட்டது. போன முறை பழைய நண்பர்கள் சிலர் வரவில்லை. "அன்னிக்கு லீவு கிடைக்கலடா" என்றார்கள். அந்த 'லீவு' எனக்குப் பழக்கமான லீவு.

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரை பிரெஞ்சு ஆளுநரும் ஊர் மக்களோடு சேர்ந்து வடம் பிடித்து இழுத்தார். ஆளுநர் கை பட்ட வடத்தில்தான் உழவர் கையும் பட்டது. நம்ம சாப்பாடும் அப்படி இருக்கட்டுமே! அடுத்த சந்திப்பில் ஆளுக்கு ஒரு பண்டம் கொண்டுவருவோம். நான் 20 துண்டு பிசாசு முட்டை கொண்டுவருகிறேன். அந்தத் தூக்குச் சட்டியும் வரவேண்டும். அதற்கு நான் இப்போதே இடம் போட்டு வைத்துவிட்டேன்.