இனவிருத்தியின் ஆணை எங்கே பிறக்கிறது?

மூளையின் அடிப்புறத்தே, சிறியதொரு காம்பில், கொண்டைக்கடலை அளவினதாய்த் தொங்குவது பிட்யூட்டரி சுரப்பி. பெண்ணிடத்தில் கருமுட்டை முதிர்வதும், ஆணிடத்தில் விந்தணு தோன்றுவதும் இச்சுரப்பி இரத்தத்தில் கலக்கும் இரண்டு ஹார்மோன்களின் ஆட்சியாலேயே ஆகும். ஆதலின், சுரப்பிகளுக்கெல்லாம் தலைமைச் சுரப்பி என இதனை நாம் நெடுங்காலம் போற்றி வந்தோம். அத்தலைமைக்கும் மேலே ஓர் எசமானன் உண்டு என்பதை ஐயமற நிலைநாட்ட 40 ஆண்டுகள் தேவைப்பட்டன. அவ்வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

முதலில் ஐயத்தை எழுப்பியவை விலங்குகளே. பெண் முயல் இணைசேர்ந்த பின்னரே கருமுட்டையை வெளிவிடுகிறது. கீரியை ஒத்த ஃபெரட் என்னும் பிராணியோ, பகற்பொழுது நீளத் தொடங்கியதும் பருவத்திற்கு வருகிறது. தீண்டுதலையும் ஒளியையும் உணர்வது மூளையன்றோ? அவ்வாறாயின் மூளை பிட்யூட்டரிக்குச் செய்தி அனுப்புதல் வேண்டும். ஆனால் அச்சுரப்பியின் முன்பகுதிக்குச் செல்லும் நரம்புகள் இல்லை என்றே சொல்லலாம். பின்னர்ச் செய்தி எவ்வழியே இறங்குகிறது?

1930ஆம் ஆண்டில் போப்பா, ஃபீல்டிங் என்னும் இருவர், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியையும் பிட்யூட்டரியையும் இணைக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களை விவரித்தனர். இரத்தம் அவற்றில் மேல்நோக்கிச் செல்வதாக அவர்கள் கருதினர். ஆங்கில விஞ்ஞானி ஜெஃப்ரி ஹாரிஸ், கிரீன் என்பாருடன் சேர்ந்து, 1949இல் உயிருள்ள எலியின் குழாய்களையே உற்றுநோக்கி, இரத்தம் கீழ்நோக்கி ஓடுவதைக் கண்டார். மூளையின் ஆணை, இரசாயனப் பொருளாக இரத்தத்தில் மிதந்து வருகிறது என்பது அவர் கொள்கை.

1952இல் ஹாரிஸும் டோரா ஜேக்கப்சன் அம்மையாரும் ஒரு சோதனை செய்தனர். பிட்யூட்டரி நீக்கப்பட்ட பெண் எலிகளில், வேறு பிட்யூட்டரியை ஹைப்போதலாமஸின் அடியில் பொருத்தினர். அக்குழாய்கள் அதனுள் வளர்ந்தன. எலிகளின் பருவச் சுழற்சி மீண்டது. அதே சுரப்பியை மூளையின் வேறொரு பகுதியின் கீழ் வைத்தபோதோ, அது உயிரோடிருந்தும் பயனற்றுக் கிடந்தது. ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. புகழ்பெற்ற விஞ்ஞானி சக்கர்மன், குழாய்கள் துண்டிக்கப்பட்ட பின்னும் ஒரு ஃபெரட் பருவமடைந்தது என்று காட்டி வாதிட்டார். வாதத்தைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது: அந்த இரசாயனப் பொருளையே பிரித்தெடுத்துக் காட்டுதல்.

அமெரிக்காவில் அப்பணியில் இறங்கியவர்கள் கியமானும் ஷாலியும். 1957 முதல் 1962 வரை ஹூஸ்டன் நகரில் ஒன்றாக உழைத்தவர்கள், பிரிந்தபின் கடும் போட்டியாளராயினர். முன்னவர் ஆட்டு மூளைகளையும், பின்னவர் பன்றி மூளைகளையும் இலட்சக்கணக்கில் இறைச்சிக்கூடங்களிலிருந்து திரட்டினர். அவ்வளவிலிருந்தும் கிடைத்த தூய பொருள் ஒரு சிட்டிகைக்கும் மிகக் குறைவு. 1971இல் ஷாலியின் குழுவினர் அதன் அமைப்பை வெளியிட்டனர்; மாட்சுவோ, பாபா, நாயர், அரிமுரா ஆகியோர் அவருடன் கையொப்பமிட்டவர்கள். பத்தே அமினோ அமிலங்களை மணிகள்போற் கோத்த சிறியதொரு பெப்டைடு அது. பிட்யூட்டரியின் இரு ஹார்மோன்களையும் வெளிவரச் செய்வது அதுவே. வினாவைத் தொடுத்துப் போராடிய ஹாரிஸ், அவ்வாண்டின் நவம்பரில் காலமானார். 1977இல் நோபல் பரிசின் ஒரு பாதியைக் கியமானும் ஷாலியும் பகிர்ந்துகொண்டனர்.

வரலாறு இத்துடன் முடியவில்லை. வட இந்திய நகரங்களில் வாழும் நம்மில் பலர் நாள்தோறும் காணும் ரீசஸ் குரங்கினத்தைக் கொண்டு, 1978இல் எர்னஸ்ட் நோபிலும் அவர் குழுவினரும் ஒரு வியப்பான உண்மையை வெளியிட்டனர். ஹைப்போதலாமஸ் சிதைந்த குரங்குகளுக்கு அப்பெப்டைடை மணிக்கொரு முறை சில நிமிஷங்கள் செலுத்தியபோது பிட்யூட்டரி உயிர்பெற்றது. இடைவிடாது செலுத்தியபோது அது அடங்கிப்போயிற்று! ஆணையின் பொருள் அதன் சொல்லில் மட்டுமன்று, சொல்லுக்கிடையே உள்ள இடைவெளியிலும் அடங்கியிருந்தது.

மருத்துவர் இவ்விரு குணங்களையும் கையாளுகின்றனர். ஆணை எழாமையால் மகப்பேறில்லாத பெண்ணுக்குச் சிறு பம்பின் மூலம் இடைவெளி விட்டு மருந்தைத் தருகின்றனர். உரிய காலத்திற்கு முன்பே பருவமடையும் குழந்தைக்கு இடைவிடாமல் தந்து, அப்பருவத்தைத் தள்ளிவைக்கின்றனர்.

அப்படியாயின் எசமானனுக்கு எசமானன் யார்? 2003இல் பாரிஸிலும் பாஸ்டனிலும் தனித்தனியே நடந்த ஆராய்ச்சிகள், கிஸ்பெப்டின் என்னும் மற்றொரு பெப்டைடை ஏற்கும் அமைப்பு பழுதானவர்கள் பருவமடைவதில்லை என்று காட்டின. மணிக்கொரு முறை எழும் தாளத்தை அமைப்பதில் கிஸ்பெப்டின் சுரக்கும் நரம்பணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது இன்று தெளிவாகியுள்ளது. உடலின் ஊட்டமும் பால்சுரப்பிகளின் நிலையும் அவ்வணுக்களை எட்டுகின்றன. ஆகவே, தனியொரு தலைவனை நாடிப் புறப்பட்ட ஆராய்ச்சி, ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டு நடக்கும் ஒரு சபையைக் கண்டடைந்தது எனலாம்.