எலினாத் தீவும் அகத்தியர் மலையும்

வலியசாலைக்கு வடக்கே, நகரின் நடுவே உயர்ந்து நிற்கும் வானாய்வுக்கூடக் குன்றை அறியாத தமிழ்க் குடும்பத்தார் நம்முள் இலர். சுவாதித் திருநாள் மகாராஜா 1837ஆம் ஆண்டு நிறுவிய ஆய்வுக்கூடம் அக்குன்றிற்குப் பெயரைத் தந்தது. அதன் முதல் தலைவர் ஜான் கால்டிகாட். அவர் 1841 முதல் அங்கே காந்த ஊசியின் நுண்ணிய அசைவுகளை அளந்து பதிவு செய்வித்தார். பூமியின் காந்த ஆற்றலைப் பல நாடுகளிலும் ஒருங்கே அளந்து ஒப்புநோக்க வேண்டும் என்னும் பெருமுயற்சி அந்நாளில் அறிஞரிடையே எழுந்திருந்தது. திருவனந்தபுரம் காந்த நடுக்கோட்டை அடுத்திருந்தமையால் இவ்வூர்க் கணக்குக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று.

அம்முயற்சிக்கென ஆங்கில அரசு 1840ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்கூடத்தைத் தென் அட்லாண்டிக் கடலிலுள்ள செயிண்ட் எலினாத் தீவில் அமைத்தது. நெப்போலியன் 1815 முதல் 1821 வரை சிறையிருந்து மாண்ட தீவு என்ற அளவிலேயே நம் பிள்ளைகள் அதனைப் பாடநூலில் படிக்கின்றனர். அவ்வரசனின் கதையினும் அந்நிலத்தின் கதை நாம் அறியத்தக்கது என்பது எம் கருத்து.

ஏறத்தாழ 122 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது அத்தீவு. ஆப்பிரிக்கக் கரை அதற்கு 1,900 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. கடலடியில் எரிமலை பொங்கி எழுந்த நிலமாதலின் கரையெங்கும் செங்குத்துப் பாறைகள். நடுவே 800 மீட்டரைக் கடந்த டயானா சிகரம். நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே 16 பாகையளவில் இருப்பதால் அங்கே வெயில் கொளுத்தும் என எண்ணத் தோன்றும். அவ்வாறில்லை. குளிர்ந்த கடல்மேல் தவழ்ந்து ஆண்டு முழுவதும் வீசும் தென்கிழக்குக் காற்று தீவைத் தண்ணென்று வைத்திருக்கிறது. பொன்முடி ஏறியவர்கள் அம்மேட்டுநிலத்தின் இதத்தை ஒருவாறு உய்த்துணரலாம். சிகரத்தைச் சூழும் மஞ்சினை மரப்பெரணிகளும் பிற மரங்களும் தம் இலைகளில் பிடித்துத் துளித்துளியாக மண்ணில் இறக்குகின்றன. தீவின் ஊற்றுகளுக்கு அதுவே பெரிய வைப்பு.

போர்ச்சுகீசியர் 1502இல் அத்தீவைக் கண்டபோது அங்கு மனிதர் இலர். முதலில் குடியேறியவனுக்கும் நம் நாட்டிற்கும் தொடர்பு உண்டு. பெர்னாவோ லோப்பஸ் என்னும் போர்வீரன் கோவாவில் தன் கூட்டத்தை விட்டுப் பீஜப்பூர்ப் படையோடு சேர்ந்தான். பிடிபட்டபோது அல்புகர்க்கு அவன் மூக்கையும் காதுகளையும் வலக்கையையும் வெட்டச் செய்தார். ஊர் திரும்ப நாணிய அவன் வழியிலே இத்தீவில் இறங்கி, இடையே சிறிது காலம் நீங்கலாக ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தன்னந்தனியே வாழ்ந்தான்.

மாலுமிகள் இறைச்சிக்கென விட்ட ஆடுகள்தாம் கேட்டின் தொடக்கம். ஆடு முதுமரத்தை வீழ்த்துவதில்லை. அதன் கன்றுகளைத் தின்றுவிடும். முதுமரம் தன் காலம் முடிந்து விழும்போது அதன் இடத்தில் நிற்க வழித்தோன்றல் இராது. ஆகவே காடு அழிவது ஒரு தலைமுறையினர் கண்ணுக்குப் புலப்படாது. 1659இல் தீவைக் கைக்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் தோல் பதனிடுவோர் மரப்பட்டைகளை உரித்தனர். சுண்ணாம்புக் காளவாய்களுக்குக் கருங்காலி விறகாயிற்று. (வெள்ளையர் கருங்காலி என்றழைத்தாலும் அது நம் கருங்காலி அன்று, செம்பருத்தியின் குடும்பத்தது.) மரங்கள் குறைகின்றன, மழை பொய்க்கிறது, ஆடுகளை ஒழிக்க வேண்டும் என 1709இல் தீவின் ஆளுநர் இலண்டனுக்கு எழுதினார். கருங்காலியினும் ஆடே விலைமதிப்புடையது, அதனை அழிக்கலாகாது என்று விடை வந்தது! கணக்கப்பிள்ளை எழுதத்தக்க விடைதான்.

சார்லஸ் டார்வின் 1836இல் அங்கு இறங்கியபோது, பெருங்காடு என்று பெயர்பெற்ற லாங்வுட் மேட்டில் காடு இல்லை. தீவில் காணப்பட்ட 746 வகைச் செடிகளில் 52 மட்டுமே அம்மண்ணுக்கு உரியவை என அவர் குறித்தார். அத்தீவுக்கே உரிய ஒலிவ மரத்தின் கடைசிச் செடி 2003இல் பட்டது. கருங்காலியோ அற்றே போயிற்றென்று கருதப்பட்டிருக்க, 1980இல் ஆடும் எட்டாத பாறைச் சரிவொன்றில் இரண்டே செடிகள் காணப்பெற்றன. அவற்றின் கொம்புகளிலிருந்து வளர்ந்தவை இன்று பல இடங்களில் நிற்கின்றன. பெருங்காட்டின் பழைய நிலத்தில் தீவு மக்கள் 2000ஆம் ஆண்டு முதல் தம் நாட்டு மரங்களை நட்டு வருகின்றனர்.

நம் குன்றின் ஆய்வுக்கூடத்திற்கு 1852இல் தலைவராய் வந்த ஜான் ஆலன் பிரௌன், 1855இல் அகத்தியர் மலையின் உச்சியிலும் ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். 1,868 மீட்டர் உயரமுள்ள அம்மலையையும் மஞ்சு சூழ்கிறது. அதன் சோலைகளும் இலைகளால் நீரை இறக்குகின்றன. கிழக்குச் சரிவில் பொருநை பிறக்கிறது. மேற்கே அம்மலைத்தொடரில் தோன்றும் கரமனையாற்றை 1983இல் கட்டி முடித்த பேப்பாறை அணை தேக்குகிறது. அங்கிருந்து வரும் நீரே அருவிக்கரையில் தெளிவிக்கப்பட்டு, வலியசாலைத் தெருக்களின் குழாய்களில் வந்து விழுகிறது.