பென்ரின் கோட்டையைச் சுற்றி ஒரு நடை

வேல்ஸ் நாட்டின் வடக்கே, பேங்கர் என்ற சிறு நகரத்தை ஒட்டி பென்ரின் கோட்டை இருக்கிறது. வழிகாட்டி யாரும் தேவையில்லை. நுழைவுச்சீட்டு வாங்கி, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே நடக்கலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலைகள், நடுவில் மரங்களும் புல்வெளியும் மதில் சூழ்ந்த தோட்டமும். படம் எடுக்கத் தோன்றும், எடுங்கள். பிறகு ஒரு கேள்வியையும் கேளுங்கள்: இது யார் காசு?

முதலில், இது போருக்காகக் கட்டிய கோட்டையே அல்ல. நார்மன் மன்னர் காலத்துக் கட்டடம் போலத் தெரிந்தாலும், 1820-களிலும் 30-களிலும் தாமஸ் ஹாப்பர் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பிய பணக்காரர் மாளிகை. பழம்பெருமை இல்லாதவர்கள் அதைக் கல்லில் செய்து வாங்கிக்கொண்டார்கள். நம்மூர் ஜமீன் அரண்மனைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பணம் வந்த வழி இரண்டு. ஒன்று, ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்கள். பென்னன்ட் குடும்பம் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே அங்கே நிலம் பிடித்து, ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்ட மக்களை அடிமைகளாக்கி வேலை வாங்கியது. அந்தக் குடும்பத்தின் ரிச்சர்ட் பென்னன்ட் லிவர்பூல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அடிமை வணிகத்தை ஒழிக்கக் கூடாது என்று சபையில் வாதாடியவர். சர்க்கரைப் பணம் வேல்ஸுக்கு வந்து மலையைக் குடைந்தது, சாலை போட்டது, துறைமுகம் கட்டியது. அந்த மலையில் கிடைத்தது சிலேட்டுக் கல். கூரை வேயவும், பள்ளிப் பிள்ளைகள் எழுதவும் பயன்பட்ட அதே சிலேட்டு. இது இரண்டாவது வழி.

1833-இல் பிரிட்டன் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. அப்போது எஸ்டேட்டின் உரிமையாளர் ஜார்ஜ் ஹே டாக்கின்ஸ்-பென்னன்ட், இந்தக் கோட்டையைக் கட்டியவர். ஜமைக்காவில் இருந்த 764 பேருக்காக அவருக்கு 14,683 பவுண்டு, 17 ஷில்லிங், 2 பென்ஸ் இழப்பீடு கிடைத்தது. இரண்டு பென்ஸைக்கூட விடவில்லை, பாருங்கள். இழப்பு யாருக்கு? உரிமையாளருக்காம்! அந்த 764 பேருக்குச் சல்லிக்காசு இல்லை. விடுதலை என்று அறிவித்த பிறகும் 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் 1838 வரை அதே முதலாளிகளுக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. உரிமையாளர்களுக்குக் கொடுக்க அரசு ஒதுக்கியது மொத்தம் 2 கோடி பவுண்டு. அதற்காக வாங்கிய கடன் 2015-இல்தான் தீர்ந்தது.

இந்தச் சட்டத்துக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கு இது பொருந்தாது என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். தஞ்சையிலும் செங்கல்பட்டிலும் நிலத்தோடு கட்டிப்போடப்பட்டிருந்த பறையர், பள்ளர் மக்கள் அந்த 'விடுதலை'க் கணக்கில் வரவே இல்லை. 1843-இல் தனிச் சட்டம் வந்து, அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்காது என்றது. நிலம் யார் கையில் இருந்ததோ அவர்கள் கையிலேயே இருந்தது, பண்ணையாள் முறையும் தொடர்ந்தது.

கோட்டைக்குள் போனால் சிலேட்டுக் கல்லில் செதுக்கிய ஒரு கட்டில் இருக்கிறது. எடை சுமார் ஒரு டன். 1859-இல் விக்டோரியா அரசி வந்தபோது, கல்லறை போல இருக்கிறது என்று அதில் படுக்க மறுத்துவிட்டார் என்பார்கள். பார்வையாளர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்தக் கல்லை வெட்டியவர்களின் கதைக்கு, எஸ்டேட்டிலிருந்து சில மைல் தள்ளி பெத்தெஸ்டா ஊருக்குப் போக வேண்டும்.

அங்குள்ள குவாரியில் 1900 நவம்பரில் சுமார் 2,800 தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். குவாரிக்குள் சங்கச் சந்தா வசூலிக்கக் கூடாது என்று பென்ரின் பிரபு தடை போட்டிருந்தார். அவர் ஆங்கிலம் பேசும் நிலப்பிரபு, தொழிலாளர்கள் வெல்ஷ் பேசுபவர்கள், பிரார்த்தனைக் கூடங்கள்கூட வேறு வேறு. மூன்று ஆண்டுகள் போராட்டம் நீடித்தது. பாடகர் குழுக்கள் ஊர் ஊராகப் பாடி நிதி திரட்டின. பலர் தெற்கே நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பிழைக்கப் போனார்கள். 1901-இல் ஒரு பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள், அவர்களுக்குப் பிரபு ஆளுக்கொரு தங்கக் காசு கொடுத்தார். மற்றவர்கள் வீட்டு ஜன்னல்களில் 'இந்த வீட்டில் துரோகி இல்லை' என்று அட்டை எழுதி வைத்தார்கள். 1903-இல் பசி வென்றது, பிரபு சொன்ன நிபந்தனைகளுக்குத் திரும்பினார்கள்.

தோற்ற போராட்டம்தான். ஆனால் ஊர் மறக்கவில்லை. 1951-இல் கோட்டை நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்து, எல்லோருக்கும் கதவு திறந்த பிறகும், பெத்தெஸ்டாக்காரர்கள் பலர் அதற்குள் கால் வைக்க மறுத்தார்கள். எனக்கு இந்த மறுப்பு பிடித்திருக்கிறது. அதனால்தான் குவாரித் தொழிலாளர்களைப் பற்றிப் பேசாமல் அந்தக் கோட்டையைக் காட்ட முடியாது.

ஜமைக்காவின் 764 பேருக்கு அப்படி முறைத்துக்கொண்டு நிற்க மதிலுக்கு வெளியே ஓர் ஊர் இல்லை. அவர்கள் பெயர்கள் பதிவேடுகளில் இருந்தன, ஆனால் சொத்தாக. தன் பராமரிப்பிலுள்ள 93 இடங்களுக்கு அடிமை முறையோடும் காலனியத்தோடும் உள்ள தொடர்பை 2020-இல் நேஷனல் டிரஸ்ட் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. பென்ரினும் அதில் உண்டு. உடனே சில நாடாளுமன்ற உறுப்பினர்களும் பத்திரிகைகளும் பாய்ந்தார்கள். நிம்மதியாக நடக்க வந்த இடத்தில் எதற்கு அரசியல் என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம். 'பழசை எதுக்குக் கிளறுறீங்க' என்று இங்கே நம்மிடம் கேட்பவர்களின் குரல்தான் அது.

ஜமைக்காவில் கிளாரெண்டன் என்ற பகுதி இருக்கிறது, அந்தக் குடும்பத்தின் கரும்புத் தோட்டங்கள் இருந்த இடம். அங்கே பென்னன்ட்ஸ் என்ற பெயரில் இன்றைக்கும் ஓர் ஊர் உண்டு.