“வயதானால் அப்படித்தான்!”

ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரைக் கேட்டதும் இன்றைய வாலிபர்களுக்கு மோட்டார் கார் ஞாபகத்துக்கு வரும். வயது முதிர்ந்தவர்களுக்கு ஸ்ரீராமானுஜர் ஞாபகத்துக்கு வருவார். எனக்கோ கூரத்தாழ்வான் ஞாபகத்துக்கு வருகிறார்.

ஆழ்வான், பெரும்புதூரில் அவதரித்த ஆசாரியரின் பிரதம சீடர்; காஞ்சிக்கு அடுத்த கூரத்தைச் சேர்ந்தவர். பிரம்ம சூத்திரத்துக்குப் பாஷ்யம் எழுதுவதற்கு முன்னால் போதாயன விருத்தி என்ற பழைய நூலைப் பார்த்தாக வேண்டும் என்று ராமானுஜர் எண்ணினார். அதன் பிரதி காஷ்மீரத்தில் இருந்தது. குருவும் சீடரும் அத்தனை தூரம் போனார்கள். நூலுடன் திரும்பும் வழியில் அவ்வூர்ப் பண்டிதர்கள் ஆளை அனுப்பி அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். ராமானுஜர் மனம் இடிந்து போனார். ஆழ்வான் மட்டும் கலங்கவில்லை. குரு உறங்கிய இரவுகளிலெல்லாம் அவர் விளக்கடியில் உட்கார்ந்து நூல் முழுவதையும் படித்து மனத்தில் பதித்து வைத்திருந்தாராம். ஏடு போனாலும் எழுத்துப் போகவில்லை. அந்த நினைவின் துணையால் ஸ்ரீபாஷ்யம் எழுந்தது என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன.

இதில் கதை எவ்வளவு, சரித்திரம் எவ்வளவு என்று விவாதிக்க நான் வரவில்லை. நினைவு என்பது திருடர்களால் கொண்டுபோக முடியாத செல்வம் என்று நம் முன்னோர் நம்பினார்கள். அதற்காகவே இந்தக் கதையைப் போற்றினார்கள். ஆனால் அந்தச் செல்வத்தையும் கொண்டுபோகும் திருடன் ஒருவன் இருக்கிறான். இந்தக் கட்டுரை அவனைப் பற்றியது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் கால் நூற்றாண்டில் மாறிப் போனது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2010-ல் ஓரகடத்தில் ரெனோ-நிஸான் வந்தது; 2012-ல் டெய்ம்லர் லாரிகள் வந்தன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்களில் இன்று மதில்களும் வாயில்களும் நிற்கின்றன.

அந்தச் சாலையில் ஒரு தேநீர்க் கடையில், கம்பெனிச் சட்டை அணிந்த ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். “எங்கம்மா தினமும் நாத்து நடப் போறாங்க ஐயா” என்றார் அவர்.

“நல்லதுதானே! இந்த வயதிலும் உழைக்கிறார்களே!”

“நடறதுக்கு நிலம் எங்கே ஐயா இருக்கு? கொடுத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. இப்போ அங்கே மதிலு.”

அந்த அம்மாள் விடிந்ததும் புடைவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாராம். மதிலடியில் நின்று, “என் கழனியில சுவரு வச்சது யாருடா?” என்று காவலாளியை அதட்டுவாராம். காவலாளி நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு மகனுக்குப் போன் செய்வார். காலையில் சாப்பிட்டது அந்த அம்மாளுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் எந்த வரப்பில் எந்த மடை இருந்தது என்பது ஞாபகம் இருக்கிறது.

“வைத்தியரிடம் காட்டினீர்களா?” என்று கேட்டேன்.

“காட்டினேன். ‘வயசானா அப்படித்தான்’னுட்டாரு.”

இந்த ஒரு வாக்கியத்துக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அது ஜெர்மனியில் தொடங்குகிறது.

1901 நவம்பரில் பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனைக்கு ஆகஸ்ட் டேட்டர் என்ற மாதைக் கணவர் அழைத்து வந்தார். அவளுக்கு வயது 51. அலாய்ஸ் அல்ஸைமர் என்ற டாக்டர் அவள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதில்களை அப்படியே எழுதி வைத்தார். பெயரை எழுதச் சொன்னால் தொடங்குவாள், பாதியில் நின்றுவிடுவாள். பூக்கோசும் இறைச்சியும் தின்றுகொண்டே, தான் தின்பது கீரை என்பாள். 1906-ல் அவள் இறந்ததும், அப்போது மியூனிக் நகரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் அவளுடைய மூளையைத் தருவித்து, வெள்ளிச் சாயம் ஏற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். நரம்பணுக்களுக்கு வெளியே கட்டிகட்டியாக ஏதோ படிந்திருந்தது. உள்ளே நூல் சிக்குப் போல ஏதோ முறுக்கிக் கிடந்தது. அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் கூடிய டாக்டர்கள் மத்தியில் இதைச் சொன்னார். எவரும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை!

1910-ல் கிரேப்பெலின் என்ற பேராசிரியர் தம் பாடப் புத்தகத்தில் இந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரைச் சூட்டினார். ஆனால் அதிலும் ஒரு வினோதம் நேர்ந்தது. ஐம்பது வயதில் நினைவு போனால் அது அல்ஸைமர் நோய். எண்பது வயதில் போனால் அது வெறும் முதுமை என்று வைத்தியர்கள் பிரித்துக்கொண்டார்கள். “வயதானால் அப்படித்தான்” என்ற வாக்கியம் சாஸ்திர அந்தஸ்துப் பெற்று அரை நூற்றாண்டு அரசாண்டது. 1968-ல் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்து டாக்டர்கள் பிளெஸ்ஸட், டாம்லின்ஸன், ராத் மூவரும், இறந்த முதியவர்களின் மூளைகளில் கட்டிகளை எண்ணிப் பார்த்தார்கள். நினைவு எவ்வளவு குறைந்திருந்ததோ அவ்வளவுக்குக் கட்டிகள் மிகுந்திருந்தன. 1976-ல் அமெரிக்காவில் ராபர்ட் காட்ஸ்மன், இரண்டும் ஒரே நோய்தான் என்றும், அது பெரும் உயிர்க்கொல்லி என்றும் எழுதினார்.

வயது வேறு, வியாதி வேறு என்றான பிறகுதான் வியாதியின் மூலத்தைத் தேடும் வேகம் வந்தது. 1984-ல் கிளென்னர், வாங் என்ற இருவர் அந்தக் கட்டிகளின் சரக்கைப் பிரித்தெடுத்தார்கள். அது ஒரு சிறு புரதம். நரம்பணுவின் மேல்தோலில் ஒரு நீண்ட புரதம் செருகியிருக்கிறது. உடம்பிலுள்ள கத்தரிகள் அதை வெட்டும்போது, நாற்பது சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு ஒன்று விழுகிறது. அதற்கு அமிலாய்டு பீட்டா என்று பெயர். நம் எல்லோருடைய மூளையிலும் அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது, அன்றாடம் அப்புறப்படுத்தப்படுகிறது. அப்புறப்படுத்துவது தளர்ந்தால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. உள்ளே கிடந்த சிக்கு வேறொரு புரதம். அதன் பெயர் டாவ். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி, மூளையின் உட்புறத்தில் கடற்குதிரை வடிவில் இருக்கிறது. நோய் முதலில் கைவைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. ஓரகடத்து அம்மாளுக்குக் காலைச் சாப்பாடு மறந்து, பழைய மடை மறக்காமல் இருப்பதன் ரகசியம் இதுதான்.

இனி நம் தேசத்துக்கு வருவோம். இந்த ஆராய்ச்சியில் முன்னணியில் நிற்பவர்களில் ஒருவர், 1953-ல் சென்னையில் பிறந்த விஜயலட்சுமி ரவீந்திரநாத் அம்மையார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1981-ல் மைசூரில் உயிர் ரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். பெங்களூர் நிம்ஹான்ஸில், மருந்துகள் மனித மூளைக்குள்ளேயே எப்படி மாறுகின்றன என்று ஆராய்ந்தார். மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் எழுந்தபோது அதன் முதல் இயக்குநர் அவரே. 2009-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து, பின்னர் அங்கே மூளை ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையத்தை உருவாக்கினார். 1996-ல் பட்நாகர் பரிசும், 2010-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

அவருடைய ஆய்வுகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். நரம்பணுவின் கிளைகளில் முள்முள்ளாகச் சிறு மொட்டுகள் உண்டு. ஓர் அணு மற்றோர் அணுவின் செய்தியை வாங்கிக்கொள்வது அந்த மொட்டுகளில்தான். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல, மொட்டுக்குள் ஆக்டின் என்ற புரத இழை சாரமாக நிற்கிறது. அல்ஸைமர் நோய்க்குரிய மாறுதல்களை மரபணுவில் ஏற்றி வளர்த்த எலிகளில், ஒரு மாத வயதிலேயே, கட்டிகள் தோன்றுவதற்கு வெகு முன்னதாக, இந்தச் சாரம் சரியத் தொடங்குவதை அவருடைய குழுவினர் 2018-ல் காட்டினார்கள். சாரத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தைக் கொடுத்தபோது எலிகளின் நினைவும் தேறியது. வீடு விழுவதற்கு நெடுநாள் முன்பே விரிசல் விழுந்துவிடுகிறது என்பது இதன் பொருள்.

மற்றொன்று 2012-ல் வெளிவந்தது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் அமுக்கராக் கிழங்கை வாசகர்கள் அறிவார்கள். வடமொழியில் அசுவகந்தா. அதன் சாற்றை ஓரளவு சுத்தப்படுத்தி, நோய்கண்ட எலிகளுக்கு முப்பது நாள் வாய்வழியே கொடுத்தார்கள். மறந்த வழியை எலிகள் மீண்டும் கற்றன. மூளையிலிருந்த அமிலாய்டும் குறைந்தது. ஆனால் மருந்து வேலை செய்த இடம் எது தெரியுமா? மூளை அல்ல, ஈரல்! ஈரலில் ஒரு புரதம் பெருகியது. அது ரத்தத்திலுள்ள அமிலாய்டைப் பற்றிக்கொண்டது. ரத்தத்தில் இடம் காலியாக, மூளையிலிருந்து அமிலாய்டு வடிந்து வந்தது. வீதிச் சாக்கடையை அள்ளினால் வீட்டில் தேங்கிய நீர் தானே வடிவது போல! ஈரலில் அந்தப் புரதத்தை மட்டும் அடக்கிவிட்டுப் பார்த்தார்கள். கிழங்கின் பலனும் நின்றுபோயிற்று.

உடனே அமுக்கராச் சூரணம் வாங்கக் கடைக்கு ஓடிவிட வேண்டாம். எலி வேறு, மனிதர் வேறு. எலியைக் குணப்படுத்திய எத்தனையோ மருந்துகள் மனிதரிடம் தோற்றிருக்கின்றன. “நம் கிழங்கு ஜெயித்துவிட்டது” என்பதல்ல இதில் பெருமை. கிழங்கை நம்பாமல், இகழாமல், எந்த வழியில் வேலை செய்கிறது என்று கேட்டார்களே, அதுதான் பெருமை.

ஆய்வுக்கூடத்தோடு அம்மையார் நிற்கவில்லை என்பதே என்னை அதிகம் கவர்ந்தது. 2018-ல் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுராக் கிராமங்களில், 45 வயதைத் தாண்டிய பத்தாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதிப்பது என்ற நோக்கத்துடன் ஒரு பெரும் வேலை தொடங்கியது. நோயாளிகள் அல்ல, நன்றாக இருப்பவர்கள்! விரிசல் எப்போது விழுகிறது என்று பார்க்க வேண்டுமானால் வீடு நன்றாக இருக்கும்போதே காவல் இருக்க வேண்டுமல்லவா?

இந்தக் கிராமப் பாதைக்கு நம் பக்கத்திலும் ஒரு முன்னோடி உண்டு. ஓரகடத்துக்குக் கிழக்கே திருப்போரூரில், அறுபது வயது கடந்த 750 பேரைச் சென்னை மனநல வைத்தியர்கள் ஆராய்ந்தார்கள். 1997-ல் வெளியான முடிவின்படி நூற்றுக்கு மூன்றரைப் பேருக்கு இந்த வகை நினைவிழப்பு இருந்தது. எழுத்தறியாதவரைப் படம் வரையச் சொல்லியும் தேதி கேட்டும் அளக்கும் மேனாட்டுச் சோதனை நம் கிராமத்தில் செல்லாது. எனவே, வீட்டார் சொல்வதைக் கேட்டறிவதும் அவசியம் என்ற பாடம் இத்தகைய ஆய்வுகளில் உறுதிப்பட்டது. 2023-ல் வெளியான அகில இந்தியக் கணக்கு, அறுபது கடந்தவர்களில் 7.4 சதவிகிதம், அதாவது 88 லட்சம் பேர் என்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். கழனியைத் தேடி மதிலடிக்குப் போகும் அந்த அம்மாள் தனி ஒருத்தி அல்ல.

யாழ்ப்பாணத்துத் தமிழர் இதை “அறளை பெயர்தல்” என்பார்கள். பேச்சில் இப்படிப் பெயர் வைத்துக் குறித்தவர்கள் நாம். அதை வியாதி என்று ஒப்புக்கொள்ளத்தான் தயங்குகிறோம்.

ஒப்புக்கொண்டால் என்ன லாபம் என்று கேட்கலாம். 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெகானெமாப் என்ற மருந்து அமிலாய்டை அகற்றுகிறது. நோயின் ஓட்டத்தைச் சற்றுத் தளர்த்துகிறது. போன நினைவைத் திருப்பித் தருவதில்லை. அதுவும் ஆரம்ப நிலையில் கண்டால்தான். ரத்த அழுத்தம், சர்க்கரை, காது மந்தம் இவற்றை நடுவயதிலேயே கவனித்தால் ஆபத்துக் குறையும் என்கிறார்கள். ஆக, காலத்தே கண்டுகொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. “வயதானால் அப்படித்தான்” என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் நாம் அந்தக் காலத்தைச் செலவழிக்கிறோம்.

மருந்து வரும்வரை செய்யக்கூடிய காரியம் ஒன்றும் உண்டு. அதை அந்தக் காவலாளி எந்த விஞ்ஞானமும் படிக்காமலே செய்துகொண்டிருக்கிறார். “இங்கே கழனி இல்லை, போ” என்று அவர் விரட்டுவதில்லை, நாற்காலி போடுகிறார். மகன் வருகிறவரையில், இந்தப் போகம் என்ன நெல் போட்டிருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறாராம்.